பொற்காசின் தேவன்மீது ஒரு வீண்பழி

வெர்கடெய்ன் பேராசையின் தெய்வம் என்று சொல்பவர்கள், அவரைப் பற்றி முதன்முதலில் எழுதப்பட்டதைப் படிக்காமலே சொல்கிறார்கள். மாயக்கதை வாசகர்களிடமும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற வேடமேற்று ஆடும் விளையாட்டை ஆடுபவர்களிடமும் இந்த எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. மலைக்கடியில் வாழும் குள்ளர் இனம் பொன்னாசை பிடித்தது. ஆகவே அந்த இனத்தின் வணிகத் தெய்வமான வெர்கடெய்ன் தாடி வைத்த கந்துவட்டிக்காரனாகத்தான் இருக்க முடியும். வெர்கடெய்னின் பூசாரி வேடம் எடுப்பவர் முதல் நாளே, "அப்போ கூட்டாளிங்க பையிலேயே கை வைக்கலாமா?" என்று கேட்கிறார். நான் ஆட்டம் நடத்தும் மேசையிலும் இதைக் கேட்டிருக்கிறேன். கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அந்த இனத்தைப் பற்றியும் அந்தத் தெய்வத்தைப் பற்றியும் அவருக்குக் கிடைத்த பாடம் அவ்வளவுதான்.

அந்தப் பாடம் பிழையானது. அதை ஒவ்வொரு கண்ணியாக அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

1982 பிப்ரவரியில் வந்த, அந்த விளையாட்டுக்கான 'டிராகன்' இதழின் 58ஆம் எண்ணில் ரோஜர் ஈ. மூர் குள்ளர்களின் தெய்வங்களைப் பற்றி எழுதினார். படைப்புக் கடவுளான மொராடின் அதற்கு முன்பே, 1980இல், 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' நூலில் வந்துவிட்டார். மூர் அவரைச் சுற்றி ஒரு குடும்பத்தை அமைத்துக் கொடுத்தார். போருக்கு கிளாங்கெடின், மண்ணுக்குள் மறைந்திருப்பவற்றுக்கு டுமதோயின், வீட்டுக்கும் அதன் காவலுக்கும் பெரோனார். இவர்களோடு இன்னும் இருவர்: ஒருவர் வெர்கடெய்ன், மற்றவர் அபதோர். பேராசையின் தெய்வம் இந்த அபதோர்தான். அவருடைய சின்னம் ரத்தினம் பதித்த குத்துவாள். தீமையின் பக்கம் நிற்பவர் என்று ஆட்ட விதியே அவரை வகுத்து வைத்திருக்கிறது. வெர்கடெய்ன் நடுநிலையாளர், அவருடைய சின்னம் ஒரு பொற்காசு.

வணிகமும் பேராசையும் ஒன்றே என்று மூர் நினைத்திருந்தால் அவருக்கு ஒரு தெய்வம் போதும். ஒரே கட்டுரையில், ஒரே குடும்பத்தில், இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்த வேண்டிய தேவையே இல்லை. நிறுத்தினார் என்றால் அந்தக் கோட்டை வேண்டுமென்றே கிழித்தார் என்றுதான் பொருள். அந்தச் சின்னங்களையே பாருங்கள். குத்துவாள் ஒருவரிடமிருந்து பிடுங்குவதற்கு உதவும். காசு இன்னொருவர் கைக்கு மாறினால்தான் காசு. மாறாதவரை அது வெறும் உலோக வில்லை. செல்வத்தின்மேல் ஒரு சமூகம் கொள்ளக்கூடிய இரண்டு உறவுகளையும் இதைவிடத் தெளிவாக இரண்டு சின்னங்களில் காட்ட முடியாது. ஆட்டத்தின் பதிப்புகள் மாறின, ஆசிரியர்கள் மாறினார்கள், உலகங்கள் மாறின. 2015இல் வந்த 'ஸ்வோர்ட் கோஸ்ட் அட்வென்ச்சரர்ஸ் கைட்' நூலின் பட்டியலைப் புரட்டினால், அபதோருக்கு எதிரே பேராசை என்றும் வெர்கடெய்னுக்கு எதிரே அதிர்ஷ்டமும் செல்வமும் என்றும் இன்னும் தனித்தனியாகவே இருக்கிறது. முப்பத்து மூன்று ஆண்டுகள் நூலாசிரியர்கள் காப்பாற்றி வந்த வேறுபாட்டை ஆடுபவர்கள் ஒரு நொடியில் அழித்துவிடுகிறார்கள்.

"ஏட்டில் என்ன எழுதியிருந்தால் என்ன, குள்ளர் இனத்தின் மரபே பொன்னாசைதானே" என்பது அடுத்து வரும் பதில். சரி, மரபுக்கே போவோம்.

13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்நோரி ஸ்டுர்லுசன் தொகுத்த உரைநடை எட்டாவில் பிரோக் என்ற குள்ளனின் கதை இருக்கிறது. தேவர்களோடு திரியும் லோகி அவனிடம் பந்தயம் கட்டுகிறான்: இவால்டி என்ற குள்ளனின் மக்கள் செய்த மூன்று அரும்பொருள்களுக்கு ஈடாக உன் சகோதரனால் மூன்றைச் செய்ய முடியாது, முடிந்தால் என் தலை உனக்கு. பிரோக் துருத்தி ஊதுகிறான், அவன் சகோதரன் உலையில் வேலை செய்கிறான். துருத்தி ஒரு கணம் நின்றாலும் பொருள் கெட்டுவிடும். ஒரு ஈ வந்து பிரோக்கின் கையில் கடிக்கிறது. ஊதுவதை நிறுத்தவில்லை. பொன்மயிர்க் காட்டுப்பன்றி உருவாகிறது. ஈ மறுபடி வந்து கழுத்தில் முன்னைவிடப் பலமாகக் கடிக்கிறது. நிறுத்தவில்லை. ஒன்பது இரவுக்கு ஒரு முறை தன் எடைக்குச் சமமான எட்டு வளையங்களைச் சொட்டும் திரௌப்னிர் என்ற பொன் வளையம் உருவாகிறது. மூன்றாவது முறை ஈ இமையில் கடிக்கிறது. ரத்தம் கண்ணில் வழிந்து பார்வையே மறைகிறது. அப்போதுதான் ஒரு நொடி கையை எடுத்து ஈயை விரட்டுகிறான். தோரின் சம்மட்டிக்குப் பிடி குட்டையாகிப்போனது அந்த ஒரு நொடியால்தான்.

தேவர்கள் கூடி, சம்மட்டியே எல்லாவற்றிலும் சிறந்தது என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். பிரோக் வென்றுவிட்டான். லோகி தலைக்கு ஈடாக வேறு ஏதாவது தருகிறேன் என்று பேரம் பேசுகிறான். பிரோக் மறுக்கிறான். லோகி ஓடுகிறான். பிடித்துக்கொண்டு வந்தால், தலைதான் உன்னுடையது, கழுத்து உன்னுடையது இல்லை, கழுத்தைத் தொடாமல் எடுத்துக்கொள் என்கிறான். பிரோக் அவன் வாயைத் தைத்து அனுப்புகிறான். இந்தக் கதையில் வேலையைச் சொன்னபடி முடித்தவன் யார்? சொன்ன சொல்லை வார்த்தை ஜாலத்தால் புரட்டியவன் யார்? குள்ளன் ஒப்பந்தக்காரன், மோசடிக்காரன் தேவர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான். தோர் கையில் இருக்கும் ஆயுதமும் ஓடினின் கை வளையமும் இந்த உழைப்பிலிருந்து வந்தவைதான்.

ஆந்த்வரியின் கதை இன்னும் கசப்பானது. லோகி ஒருவனைக் கொன்றுவிடுகிறான். அந்தக் கொலைக்கு ரத்த ஈடு கட்ட தேவர்களுக்குப் பொன் வேண்டும். லோகி நீருக்குள் மீனாக இருந்த ஆந்த்வரி என்ற குள்ளனைப் பிடித்து அவன் வைத்திருந்த பொன் முழுவதையும் பிடுங்குகிறான். கடைசியாக ஒரு சிறிய மோதிரத்தை மட்டும் கைக்குள் மறைத்துக்கொண்டு, இது ஒன்று இருந்தால் மறுபடி என் செல்வத்தைப் பெருக்கிக்கொள்வேன், இதையாவது விட்டுவிடு என்று அவன் கெஞ்சுகிறான். அதையும் எடுத்துக்கொள்கிறான் லோகி. ஆந்த்வரி சபிக்கிறான். அந்தப் பொன்னுக்காகத் தந்தையைக் கொன்று, பாம்பாக மாறி அதன்மேல் சுருண்டு படுத்தவன், ரத்த ஈட்டைப் பெற்ற ஹ்ரெய்த்மர் என்ற பண்ணையாரின் மகன் ஃபாஃப்னிர். கொலை செய்தவன் தேவர் கூட்டத்தான், கொள்ளையடித்தவனும் அவனே, பொன்னுக்காகத் தந்தையைக் கொன்றவன் பண்ணையார் மகன். பிழைப்புக்கென்று வைத்திருந்த முதலீட்டின் கடைசித் துணுக்கையும் இழந்த குள்ளனுக்குத்தான் பேராசைக்காரன் என்ற பட்டம் வந்து சேர்ந்திருக்கிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இன்றைய குள்ளர்களின் தகப்பனாகிய டோல்கியனுக்கு வருவோம். 1937இல் வந்த 'ஹாபிட்' நாவலில் தோரின் என்ற குள்ளத் தலைவன் தங்கத்தின்மேல் பித்துக் கொள்கிறான், உண்மைதான். ஆனால் அதே நாவலின் முதல் அத்தியாயத்தில் அதே தோரின் தன் பாட்டன் காலத்து மலையைப் பற்றிச் சொல்வதை ஏன் யாரும் நினைவில் வைப்பதில்லை? மலையில் குள்ளர்கள் பயிர் செய்யவில்லை. அரசர்கள் குள்ளக் கொல்லர்களை அழைத்து வேலைக்கு நிறையக் கூலி தந்தார்கள், தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளைத் தொழில் கற்க அனுப்பி அதற்கு ஈடாக உணவு தந்தார்கள். டேல் நகரத்தின் பொம்மைச் சந்தை வடபுலம் முழுவதும் பேர்பெற்றது. குள்ளரில் மிக எளியவரிடமும் செலவழிக்கவும் கடன் கொடுக்கவும் காசு இருந்தது. அந்த ஊர் வாழ்ந்தது பொன் கைமாறிக்கொண்டே இருந்ததால். அது பாழானது ஸ்மாக் என்ற டிராகன் வந்து எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கி அதன்மேல் படுத்த நாளில். ஒவ்வொரு பொருளின் சந்தை விலையும் டிராகன்களுக்குத் தெரியும் என்றும், அதில் ஒரு துண்டைக்கூட அவை அனுபவிப்பதில்லை என்றும் தோரின் சொல்வதில் எல்லாமே அடங்கிவிட்டது. அபதோரின் உண்மையான அடியார் யார் என்று கேட்டால் நான் ஸ்மாக்கைத்தான் காட்டுவேன்.

நாவலின் கடைசியில் நடப்பது அதைவிட முக்கியம். அந்தப் பித்தைக் கதை குள்ளப் பித்து என்று சொல்லவில்லை, டிராகன் நோய் என்கிறது. ஏரி ஊரின் பழைய தலைவன் ஒரு மனிதன். நிவாரணத்துக்கு வந்த பொன்னைச் சுருட்டிக்கொண்டு ஓடி, பாழ்வெளியில் பட்டினி கிடந்து செத்தது அவன்தான். மலையின் புதிய அரசனான டாயின் என்ற குள்ளனோ பதினான்கில் ஒரு பங்கை, ஸ்மாக்கைக் கொன்ற பார்ட் என்ற மனிதனிடம் ஒப்படைக்கிறான். டேல் மறுபடி எழுகிறது. ஆற்றில் சரக்குப் போக்குவரத்து தொடங்குகிறது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' பின்னிணைப்பிலோ, குள்ள அரசர்களுக்குக் கிடைத்த மோதிரங்கள் அவர்களை அந்தக் கதையின் பகைவனான சௌரானின் அடிமைகளாக்க முடியாமல் பொன்மேல் வெறியை மட்டும் மூட்டிவிட்டன என்று வருகிறது. அதாவது பேராசை அவர்களுக்கு வெளியிலிருந்து, பகைவன் கையால், ஊட்டப்பட்ட நஞ்சு. அதையே அவர்கள் பிறவிக் குணம் என்று சொல்வது நஞ்சு வைத்தவனுக்குத் துணைபோவது.

இப்போது எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம். வெர்கடெய்ன் திருடர்களுக்கும் தெய்வம். இதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது; மூர் காலத்திலிருந்தே அப்படித்தான். 2015 நூலும் அவருக்குச் சூழ்ச்சியின் களத்தைத்தான் கொடுக்கிறது. பிறகு அவரை எப்படி நேர்மையான வணிகத்தின் தெய்வம் என்பது?

முதலில், அந்தத் 'திருடர்' யார் என்று பார்க்க வேண்டும். 1978இல் வந்த ஆட்ட விதிநூலில் குள்ளப் பாத்திரம் வரம்பில்லாமல் உயரக்கூடிய ஒரே தொழில் திருடர் தொழில்தான். போர்வீரனாக ஒன்பதாம் படிக்கு மேல் போக முடியாது. பூசாரித் தொழில் ஆடுபவர்களுக்குத் திறந்திருக்கவே இல்லை, ஆட்டம் நடத்துபவரின் பாத்திரங்களுக்கு மட்டும்தான். அந்தத் திருடர் தொழிலிலும் குள்ளனுக்குக் கூடுதல் மதிப்பெண் எதற்கு? பூட்டுத் திறப்பதற்குப் பத்து விழுக்காடு, பொறிகளைக் கண்டுபிடித்து அகற்றுவதற்குப் பதினைந்து விழுக்காடு. பிக்பாக்கெட்டுக்கு எதுவுமே இல்லை. கையில் நுட்பமுள்ள ஒரு பூட்டுக்காரன்தான் அந்த ஏட்டில் திருடன் என்ற பெயரில் நிற்கிறான். மூர் அவர்களையும் பிரித்தே வைத்தார்: தீயவர்களாக இல்லாத திருடர்கள் வெர்கடெய்னிடம், தீயவர்கள் அபதோரிடம். கூட்டாளியின் பையில் கை வைக்க அனுமதி கேட்பவர் கோயில் மாறி நிற்கிறார்.

அடுத்தது, வணிகமும் களவும் ஒரே தெய்வத்திடம் இருப்பது இந்த ஆட்டத்தின் கண்டுபிடிப்பு இல்லை. கிரேக்கரின் ஹெர்மிஸ் இரண்டுக்கும் தலைவர். பிறந்த அன்றே அப்போலோவின் மாடுகளைத் திருடியவர் அவர். அந்தக் கதை களவோடு முடிந்திருந்தால் எதிர்த்தரப்பு சொல்வது சரி. அது அப்படி முடியவில்லை. ஹெர்மிஸ் ஆமை ஓட்டில் தான் செய்த யாழை அப்போலோவிடம் கொடுக்கிறார், அப்போலோ அவருக்கு மாடுகளை மேய்க்கும் உரிமையைக் கொடுக்கிறார், இருவரும் நண்பர்களாகிறார்கள். பிடுங்கியதில் தொடங்கிய உறவு கொடுத்து வாங்குவதில் முடிகிறது. தந்திரம் தெரிந்த ஒருவர் வன்முறையில்லாமல் பகையைத் தீர்த்துக்கொள்வதுதான் அந்தக் கதையின் உள்ளடக்கம். பேரம் பேசும் சாமர்த்தியத்தைச் சூழ்ச்சி என்று பெயரிட்டு இழிப்பவர்கள், குள்ளனுக்கு மிச்சமிருக்கும் ஒரே வழியாகக் கோடரியைத்தான் கொடுக்கிறார்கள். கோடரிக்குக் கிளாங்கெடின் இருக்கிறார். பேச்சுக்கு ஒருவர் வேண்டாமா?

வணிகத்தை ஒப்புக்கொள்பவர்கள்கூட அதிர்ஷ்டத்தில் முகம் சுளிக்கிறார்கள். உழைப்பாளி இனத்துக்கு எதற்கு அதிர்ஷ்ட தெய்வம், அது சூதாடிகளுக்கு உரியது அல்லவா என்கிறார்கள். இவர்கள் சுரங்கத்தைப் பற்றி எதுவும் யோசித்ததில்லை.

போஹீமியாவின் யோகிம்ஸ்தாலில் 1516இல் வெள்ளிச் சுரங்கம் தொடங்கியது. ஆளில்லாத மலைப்பள்ளத்தாக்கு சில ஆண்டுகளில் நெரிசலான நகரமானது. அங்கே அடித்த வெள்ளிக்காசு ஐரோப்பா முழுவதும் புழங்கியது. 1527இல் அந்த ஊருக்கு மருத்துவராக வந்த கியோர்கியஸ் அக்ரிகோலாதான் பின்னால் சுரங்கத் தொழிலின் தலையாய நூலை எழுதியவர். அது அவர் இறந்த மறு ஆண்டு, 1556இல், அச்சாகியது. சுரங்கத்தை 128 பங்காகப் பிரித்து விற்பதை அதில் விளக்குகிறார். வெள்ளி வந்தால் பங்குக்காரருக்கு லாபம். வராவிட்டால் தோண்டுவதற்கு மேலும் காசு கட்ட வேண்டும். மண்ணுக்குள் இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாத தொழிலில் இதைத் தவிர வேறு கணக்கு இல்லை. அதே அக்ரிகோலா 1549இல் எழுதிய இன்னொரு நூலில், சுரங்கத்துக்குள் தொழிலாளி உடையில் திரியும் குட்டையான ஆவிகளைப் பற்றியும் எழுதினார். அவை யாருக்கும் தீங்கு செய்யாமல் சிரித்துக்கொண்டே வேலை செய்வதுபோல் பாவனை காட்டுமாம். சுரங்கம், குட்டை உருவம், வரும் வராது என்ற நிலை, சிரிப்பு எல்லாம் அங்கேயே ஒன்றாக நிற்கின்றன.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் வெள்ளீயமும் செம்பும் எடுத்த தொழிலாளர்களில் ஒரு பிரிவினர் தினக்கூலி வாங்கியவர்கள் அல்ல. குறிப்பிட்ட நாளில் சுரங்க முகப்பில் கூடுவார்கள். பாறையின் எந்தப் பகுதியை யார் வெட்டுவது என்று ஏலம் நடக்கும். தான் எடுக்கும் தாதுவின் மதிப்பில் பவுனுக்கு இத்தனை ஷில்லிங் எனக்குப் போதும் என்று குறைத்துக் கேட்டவருக்கு அந்த இடம் கிடைக்கும். பாறையின் நிறத்தையும் விரிசலையும் பார்த்து உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்கும் அறிவு அவர்களுக்குத் தலைமுறையாக வந்தது. அவ்வளவு அறிவும் இருந்தும், நாலு முழம் தோண்டியதும் தாதுத் தடம் மெலிந்து மறைந்துபோகலாம். பக்கத்து இடத்தை எடுத்தவருக்கு அதே வாரம் கொழுத்த தடம் கிடைக்கலாம். அதனால்தான் உள்ளே தட்டும் ஒலி எழுப்பும் 'நாக்கர்' என்ற குட்டி ஆவிகளுக்குத் தங்கள் சாப்பாட்டு அப்பத்தின் ஓரத்தை விட்டுவிட்டு வந்தார்கள். இவர்களைவிட உழைத்தவர்கள் யார்? இவர்களைவிட அதிர்ஷ்டத்தை நம்பி வாழ்ந்தவர்கள் யார்?

உழைப்பின் இடத்தில் வைத்துக்கொள்வதற்கு வந்ததல்ல அதிர்ஷ்டம். தன் உழைப்புக்குக் கட்டுப்படாத ஒரு பகுதி இருக்கிறது என்று உழைப்பவர் ஒப்புக்கொள்வதற்கான பெயர் அது. வணிகத்தோடு அதே தெய்வத்தை இணைத்ததில் ஒரு ஆழமான அறம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதிர்ஷ்டம் இல்லாத செல்வத் தெய்வத்தை வணங்குபவர், எனக்கு வந்தது முழுக்க என் திறமை, உனக்கு வராதது முழுக்க உன் சோம்பல் என்று சொல்ல முடியும். வெர்கடெய்னை வணங்குபவரால் அப்படிச் சொல்ல முடியாது. அவருடைய லாபத்தில் ஒரு பங்கு எப்போதும் அவருக்கு அப்பாற்பட்டது. அடுத்த வீட்டுக்காரர் நொடித்துப்போனால் அது தனக்கும் நடந்திருக்கக்கூடியது என்று அவருக்குத் தெரியும். பேராசைக்கு இதைவிடப் பெரிய எதிர்ப்பு எந்த மதத்தில் இருக்கிறது?

இந்தியாவிலும் செல்வத் தெய்வம் குட்டையானவர்தான். குபேரனைச் சிற்பிகள் குறுகிய கைகால்களோடும் தொந்தியோடும் செதுக்கினார்கள். கையில் ரத்தினம் உமிழும் கீரியைக் கொடுத்தார்கள். அவரை எண்திசைக் காவலரில் ஒருவராக வடக்கே நிறுத்தினோம். வட்டிக்கடைக்காரன் என்று ஏசவில்லை. குட்டை உருவத்தையும் பொன்னையும் ஒன்றாகப் பார்த்தவுடன் அருவருக்கும் பழக்கம் நம்முடையதல்ல.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ரிச்சர்ட் வாக்னரின் 'தஸ் ரைன்கோல்ட்' இசைநாடகம் 1869இல் மியூனிக்கில் அரங்கேறியது. அதில் வரும் அல்பெரிக் என்ற குள்ளன் பொன்னுக்காகக் காதலையே துறந்து, தன் இனத்தவரைச் சாட்டையால் அடித்துச் சுரங்கத்தில் வேலை வாங்குகிறான். அதே 1869இல்தான் வாக்னர், 1850இல் புனைபெயரில் வெளியிட்டிருந்த யூத வெறுப்புக் கட்டுரையைத் தன் சொந்தப் பெயரில் மறுபடி வெளியிட்டார். அல்பெரிக் போன்ற பாத்திரங்கள் யூதர்களைக் கேலிச்சித்திரமாக்கியவை என்று பின்னாளில் ஜெர்மன் தத்துவஞானி அடோர்னோ எழுதினார். டோல்கியனும் 1955இல் எழுதிய ஒரு கடிதத்தில், தன் குள்ளர்களை யூதர்களைப்போல் நினைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் அதை வெறுப்போடு சொல்லவில்லை. தாம் வாழும் நாட்டில் ஒரே நேரத்தில் உள்ளூர்க்காரராகவும் அந்நியராகவும் இருப்பதையும், ஊர் மொழியைத் தம் தாய்மொழியின் சாயலோடு பேசுவதையும் வைத்துச் சொன்னார். ஆனால் படிப்பவர் பலர் எடுத்துக்கொண்டது பொன்னை மட்டும்.

குட்டையாக இருப்பார்கள், கூட்டமாக இருப்பார்கள், தமக்குள் வேறு மொழி பேசுவார்கள், காசைச் சேர்ப்பார்கள், நம்மை ஏமாற்றுவார்கள் என்ற இந்தச் சித்திரம் ஐரோப்பாவில் உண்மையான மனிதர்களின்மீது வரையப்பட்டது. அவர்களுடைய கடைகள் அதன் பெயரால் உடைக்கப்பட்டன. இன்றும் உலகின் எத்தனையோ மூலைகளில், பிறந்த மண்ணை விட்டு வந்து கடை வைத்துப் பிழைக்கும் சமூகங்கள் இதே சித்திரத்தைச் சுமக்கின்றன. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டும்போது அந்தச் சித்திரத்தைச் சிரித்துக்கொண்டே எடுத்து ஆடுவது, அது உண்மை என்று அடுத்தவருக்குக் கற்றுக் கொடுப்பதுதான். "வெறும் விளையாட்டுதானே" என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: வெறும் விளையாட்டு என்றால், மூர் எழுதி வைத்தபடியே ஆடுவதில் என்ன சிரமம்?

ஆகவே ஆட்டம் நடத்துபவர்களே, அடுத்த முறை யாராவது வெர்கடெய்னின் பூசாரியாக உட்கார்ந்தால் அவருக்குத் திருடும் உரிமையைக் கொடுக்காதீர்கள். ஒரு சந்தையைக் கொடுங்கள். பஞ்சம் வந்த பள்ளத்தாக்குக்கும் தானியம் குவிந்த சமவெளிக்கும் நடுவில் அவரை நிறுத்துங்கள். பகையான இரண்டு ஊர்களுக்கு இடையே விலை பேசவிடுங்கள். வண்டிகள் போகும் வழியில் ஆபத்தை வையுங்கள். பகடை அவருக்கு எதிராக விழட்டும். நொடித்துப்போன சக வணிகர் ஒருவர் அவர் கோயில் வாசலில் வந்து நிற்கட்டும். பேராசையை ஆடத்தான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் அவரை அபதோரிடம் அனுப்புங்கள். அவருக்கென்று அங்கே 1982இலிருந்து இடம் ஒதுக்கியிருக்கிறது.